சிவப்புப் பொட்டு வைத்த இடம்

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா. பூங்கா என்று போர்டு இருந்ததே தவிர உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. மண் தரை, துருப்பிடித்த ஊஞ்சல் கம்பி, ஒரு வேப்பமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. அவ்வளவுதான்.

எனக்கு மறைமலை நகரில் நைட் ஷிப்ட். என் மனைவிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல், பகல் வேலை. அவள் திரும்பும் நேரம்தான் நான் கிளம்பும் நேரம். ஆறு மணிக்குக் கேம்ப் ரோட்டில் இறங்கி நேராகப் பூங்காவுக்கு வந்துவிடுவாள். ஏழு மணிக்கு எனக்குக் கம்பெனி பஸ். அந்த ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காருவோம். வீட்டில் உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடும் என்பாள். பேச்சு அதிகம் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கால் வைத்துக்கொள்வாள். நாள் முழுக்க மிஷின் மிதித்த கால். நேரம் ஆனதும், "எழுந்திரு, வண்டி வந்துடும்" என்பாள். நான் எழுந்திருப்பேன்.

ஒன்பது வருஷம் அப்படி ஓடியது. பிறகு மஞ்சள் காமாலை. பத்து நாளில் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது?

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒரு நோட்டீஸ் வந்தது. பூங்காவைப் புதுசாக்கப் போகிறார்கள், மக்களைக் கேட்டுத்தான் செய்வார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வரவேண்டும் என்று. ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிவிட்டேன். போகும்போது பாதிக் கூட்டம் முடிந்திருந்தது.

ஷாமியானா போட்டு, மேசை மேல் பூங்காவைப் பெரிய படமாக வரைந்து விரித்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்து டீச்சரம்மா கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"வாங்க சார். உங்களுக்கு எந்த இடம் வேணுமோ அங்க ஒரு பொட்டு வைங்க. கூச்சப்படாதீங்க."

படம் முழுக்கக் கோடுதான் தெரிந்தது. "பெஞ்சு எதும்மா?" என்று கேட்டேன். மரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார்.

சிவப்பை எடுத்தேன். அவள் வைக்கிற நிறம், அவள் வைக்கிற அளவு. கட்டத்தின் மேல் வைத்து விரலால் அழுத்தினேன்.

எனக்குப் பின்னால் மீன் விற்கிற அக்கா நின்றிருந்தார். "அண்ணன் எங்க வச்சாரு? எனக்கும் ஒரு செவப்பு குடும்மா, அங்கியே வச்சுட்டுப் போறேன்."

"இன்னாத்துக்கு வைக்கிறோம்னு தெரிமா உனக்கு?" என்று ஆட்டோக்காரர் சீண்டினார்.

"ஏன், பொட்டு கீற எடத்துல பொட்டு வச்சா சாமி கண்ண குத்திடுமா? நீ வேணா உன் மொட்டத் தலையில வச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆட்டோக்காரரும் அங்கேயே வைத்தார். அடுத்து வந்தவர்களும் அங்கேயே வைத்தார்கள். ஒரு அம்மா வைத்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டம் குங்குமம் அப்பிய வேப்பமரம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நிம்மதி. இத்தனை பேர் வேண்டும் என்கிறார்கள். இனி அந்த இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பூங்கா வாசலில் பிளானை ஒட்டினார்கள். பெஞ்சு இருந்த இடத்தில் மேடை என்று போட்டிருந்தது. டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன்.

"சிவப்புன்னா மேடை சார். பச்சைன்னா விளையாட்டு, மஞ்சள்னா நடைபாதை. ஆரம்பத்துலயே சொன்னோமே!"

"நான் லேட்டா வந்தேம்மா. பெஞ்சு இருக்கட்டும்னுதான் வச்சேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "அய்யோ, அங்கதானே நிறைய விழுந்துது. எல்லாரும் கேட்டதாச்சேன்னு இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. வேற நல்ல பெஞ்சு, சாய்ஞ்சு உட்கார்ற மாதிரி, வாசல் பக்கம் போடச் சொல்றேன். அது போதுமா சார்?"

அவளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்று வந்துவிட்டேன்.

பெஞ்சை உடைத்த அன்று நான் போகவில்லை.

திறப்பு விழா ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு. மரத்தை வெட்டவில்லை, கிளையை மட்டும் கழித்திருந்தார்கள். கீழே டைல்ஸ் போட்ட மேடை. மேடைக்கு முன்னால் சிமெண்ட் தரை, அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. டீச்சரம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். மைக்கில் யாரோ ஹலோ ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் நிரம்பிவிட்டன. எனக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று காலி.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்காலி முதுகில் கை வைத்தார்.

"சார், இங்க ஆள் வராங்களா?"

"வராங்க" என்றேன்.