உட்கார இடமில்லாத உத்தியோகம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு சக்கரம் இருந்தது. அதற்கு உட்கார சீட்டு கிடையாது, பிடிக்க ஹேண்டில் கிடையாது, நிறுத்த பிரேக் கிடையாது; அதன்மேல் ஏறி நின்றுகொண்டு சிரித்த முகமாக இருப்பதுதான் தொழில். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, சொன்ன கதைகளில் ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டுவான், மலைப்பாம்பின் வயிற்றுக்குள் போய்விட்டு வருவான். ஒரு கதையிலாவது அவன் சக்கரம் ஓட்டக் கற்றுக்கொண்டதாக வரவில்லை. வந்திருந்தால் நான் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேன்.

முழங்காலில் பத்துப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். இது அவர்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரிப்பதற்காகப் படிக்கலாம். என் உத்தியோகத்தில் அதற்குத் தடையில்லை.

போஸ்டரில் தெரியும் கால்

கோயம்புத்தூரைச் சுற்றி ஊர் ஊராகக் கூடாரம் போட்டு சைக்கிள் வித்தை காட்டுகிற சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளி நாயுடு மாஸ்டர். அவர் தங்கை ருக்மணி அக்கா, தலையில் குடங்களை அடுக்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். நான் அறிவிப்பாளன். மாட்டு வண்டியில் உட்கார்ந்து, தகரக் குழாயை வாயில் வைத்து ஊரைக் கூப்பிட வேண்டும். கதை சொல்லத் தெரிந்த பையன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கதை தெரியும், குரல்தான் இல்லை. தகரக் குழாய் வைத்துப் பேசினாலும் வண்டி மாட்டுக்கு மட்டும்தான் கேட்கும். போதாததற்கு, "நேரமிருந்தா வாங்க, வேலையிருந்தா பரவாயில்லீங்க" என்று நான் ஊரை அழைத்ததை வண்டிக்காரர் மாஸ்டரிடம் அப்படியே ஒப்பித்துவிட்டார்.

அந்த வாரம்தான் சீட்டில்லாத சக்கரம் ஓட்டுகிறவர் ஒரு பெரிய சர்க்கஸில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். சக்கரம் இங்கேயே நின்றுவிட்டது. தாராபுரம் வரைக்கும் சுவர் சுவராக அந்த வித்தையின் படத்தை ஒட்டியாகிவிட்டது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். தாராபுரத்து ஆட்டத்துக்குள் கற்றுக்கொண்டால் கம்பெனியில் இருக்கலாம், இல்லாவிட்டால் முன்பு வேலை பார்த்த மாமாவின் பருத்தி அரவை மில்லுக்கே திரும்பிவிட வேண்டும் என்றார். மாமா மில்லில் மெஷின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது; மூக்கு, வாய், சோறு எல்லாவற்றிலும் பஞ்சு. "எத்தனை நாளைக்கு ஆடிப்போட்டு வாரான்னு பாக்கலாம்" என்று மாமா ஊரெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லிவைத்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இருந்தாலும், போஸ்டரில் இருக்கிறவரை மாதிரி நான் இல்லையே என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

மாஸ்டர் சொன்னார்: "போஸ்டர்ல மூஞ்சி தெரியலையப்பா, காலு மட்டுந்தான் தெரியுது. உனக்குக் காலு இருக்குதில்ல?"

துக்கம் விசாரித்தவர்

இந்தச் சக்கரத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிள் சக்கரம், அதன் நடுவில் இரண்டு பக்கமும் பெடல். அவ்வளவுதான். பெடல்மேல் ஏறி நின்று, சக்கரத்தை இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். அது காலைத் தேய்க்கும்; விட்டால் ஓடிப்போகும்; இறுக்கினால் நின்றுபோகும், நாம் மட்டும் முன்னால் போவோம். கம்பிகளில் வேட்டி சிக்கி எனக்கு மானக்கேடு ஆனதால், கோட்டைமேட்டில் காசிம் பாய் சைக்கிள் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். அவர் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, கம்பிகள் தெரியாமல் இரண்டு பக்கமும் தகரம் அடித்துக் கொடுத்தார்.

வேலை முடியும் வரை நான் சக்கரத்தை முறைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். முழங்காலில் கட்டு, நெற்றியில் வீக்கம். காற்றடிக்க வந்த மில் தொழிலாளி ஒருவர் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "சீட்டு எங்கீங்க?" என்றார். "சீட்டு இல்லீங்க" என்றேன். "ஹேண்டிலு?" "அதுவும் இல்லீங்க." "முன்சக்கரம்?" எனக்குத் தலையாட்டத்தான் முடிந்தது. அவர் என் தோளைத் தொட்டார்; கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு.

"போன மாசம் என்ற சைக்கிள்ல பெல்லைக் கழட்டிட்டுப் போயிட்டாங்கன்னு எனக்குச் சோறே எறங்கலைங்க. உங்களப் பார்த்த பொறவு மனசு ஆறிப்போச்சுங்க."

வாழைத்தாரும் மரியாதையும்

அடுத்த கூடாரம் அவிநாசியில். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மொட்டை மைதானம். காலையில் ருக்மணி அக்கா சுவரோரம் நின்று என்னைப் பிடித்து ஏற்றிவிடுவார், நான் விழுவேன். "விழறதென்னமோ நல்லாத்தான் விழற கண்ணு. அதுக்கு நாங்க நோட்டீஸ் அடிக்கலையே" என்பார். முன்னால் விழுவது, பின்னால் விழுவது, சக்கரம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிரிந்து விழுவது என்று எல்லாவற்றிலும் எனக்குத் தேர்ச்சி வந்துவிட்டது.

ஒரு நாள் என்ன நேரமோ, சக்கரம் என்னைச் சுமந்துகொண்டு மைதானத்தைத் தாண்டிப் பாதைக்கே வந்துவிட்டது. எதிரே ஒரு பெரியவர், தோளில் வாழைத்தார், கோயிலுக்கு வருகிறார். மற்ற ஊராக இருந்தால் "தள்ளு, தள்ளு" என்று கத்தியிருப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கமில்லை. "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களுக்குச் சிரமமில்லீன்னா கொஞ்சம் அந்தப் பக்கமா..." என்று ஆரம்பித்தேன். அவரும் நம் ஊர்க்காரர். பேசுகிறவன் பேச்சை முடிக்காமல் நகர்ந்து போவது மரியாதையில்லை என்று நின்று கேட்டார். நான் 'ஒதுங்கிக்கிட்டீங்கன்னா' என்ற சொல்லுக்குப் போவதற்குள் அவர்மேல் போய்விட்டேன். அவர், வாழைத்தார், அதன்மேல் நான். சக்கரம் மட்டும் கோயில் வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்டு நின்றது.

அடியில் இருந்தபடியே அவர் கேட்டார்: "ஏதோ சொல்லிட்டு வந்தீங்களே, சொல்லி முடிச்சிருங்க தம்பி."

விளக்கில்லாத வண்டி

அங்கிருந்து பல்லடத்துக்குச் சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. சக்கரத்தை ஏற்ற மறந்துவிட்டார்கள். நான் அதைக் கையில் உருட்டிக்கொண்டு நடந்தேன். பொழுது சாயும் நேரம். அந்தக் காலத்தில் விளக்கில்லாத சைக்கிள் என்றால் போலீஸ்காரருக்குப் பாயசம் மாதிரி. ஒரு கான்ஸ்டபிள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்.

"வெளக்கு எங்கப்பா?" "மாட்டறதுக்கு எடமில்லீங்க." "பெல்லு?" "அதுக்கும் எடமில்லீங்க." "பிரேக்கு?" "இல்லீங்க." "அப்ப எப்படி நிறுத்துவ?" "விழுந்துதானுங்க." கிண்டல் பண்ணுகிறேன் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏறிக் காட்டு என்றார். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்பதை ஏறிய கையோடு நிரூபித்தேன். அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார்; பழைய கட்டுகளையும் பார்த்தார்; தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நீ போப்பா. இத ஓட்டறதே தண்டனையாத்தான் இருக்குது. இதுக்கு மேல நான் ஒண்ணு போட்டா ஜட்ஜு என்னையத் திட்டுவாரு."

பாவுக்கு நடுவே

பல்லடத்தில் மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டது. இதை விட்டால் அடுத்த கூடாரம் தாராபுரம்தான். நான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் என் பெட்டியை எடுத்துச் சாமான்களுக்கு மேலாக, சுலபமாக இறக்குகிற மாதிரி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, மழை விட்டதும், சேறில்லாத தரை எது கிடைத்தாலும் சரி என்று நெசவாளர் தெருவின் மேட்டுக்கு அக்காவோடு போனேன். அக்கா பிடித்துவிட்டார். சக்கரம் இறக்கத்தில் கிளம்பிவிட்டது.

காலை வேளையில் அந்தத் தெருவில் பாவு போட்டிருப்பார்கள். தறியில் ஏற்ற வேண்டிய நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவிக் காயவைப்பது. குறுக்கே நாய்கூடப் போகாது. அன்றைக்கு இரண்டு பாவு. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் மஞ்சள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. நான் அந்தச் சந்துக்குள் நுழைந்துவிட்டேன். பிரஷ்ஷோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு, அந்தப் பக்கம் விழுந்தால் இன்னொரு குடும்பத்தினுடையது. அவர்களிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தேன். எந்தச் சொல்லும் போதாது என்று தோன்றியது. அதனால் விழவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரு முடிந்து, பாவு முடிந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெற்றிடம் வந்த பிறகு, நிம்மதியாக விழுந்தேன்.

ஓடிவந்த அம்மா ஒருவர் முதலில் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். "நூல்மேல படலைங்க, அது வரைக்கும் சரி. ஆனா நாங்க மூச்சு உடவே மறந்துபோட்டமுங்க. இனிமே வரதுன்னா சொல்லிப்போட்டு வாங்க."

யார் வீட்டுப் பானை

கூடாரத்துக்கு வந்ததும் ருக்மணி அக்கா தன் குடங்களை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் என்னை விட்டார். நான் விழுந்தேன், இரண்டு குடம் நசுங்கியது. பக்கத்து டீக்கடையில் கேட்டுக் கண்ணாடி கிளாஸ்களை வாங்கிவந்து அடுக்கினார். விழவில்லை. மறுபடியும் எங்கள் சாமான். விழுந்தேன். மறுபடியும் கிளாஸ். திரும்பி வரும்போதுகூட விழவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் கடையை விட்டுவிட்டு வந்து, கைகளை நீட்டிக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார்.

அக்கா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்தவங்க பொருள் பக்கத்துல இருந்தாத்தான் உனக்குக் காலு நிக்குது. நம்மது போனாப் போகுதுன்னு நெனைக்கிற. உன்னையக் கட்டிக்கிறவ பாவம், கண்ணு."

தாராபுரத்துச் சந்தை

தாராபுரத்தில் ஆட்டம், சந்தை நாளின் சாயங்காலம்.  கூட்டத்தில் மாமா வேறு உட்கார்ந்திருந்தார். பருத்தி கொள்முதலுக்கு வந்தவர், அப்படியே என்னையும் கூட்டிப்போகலாம் என்று வந்திருக்கிறார். தன் பக்கத்தில் ஒரு துண்டை விரித்து எனக்கு இடம் போட்டே வைத்திருந்தார்.

ருக்மணி அக்கா சந்தைக்குள் போய், வித்தைக்குப் பொருள் தருகிறீர்களா, உடைந்தால் விலை தந்துவிடுகிறோம் என்று கேட்டுவந்தார். கூடையில் முட்டை கொண்டுவந்த அம்மா யோசித்து யோசித்துக் கொடுத்தார். ஒரு பானைக்காரர் மட்டும் கேட்ட மாத்திரத்தில் ஒரு வண்டிப் பானையையே ஓட்டிவந்துவிட்டார். அவரே வட்டமாக அடுக்கினார். பானைகளுக்கு நடுவே வழி இன்னும் குறுகலாக இருந்தால் வித்தை எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னார். சில பானைகளை வழியிலேயே கொஞ்சம் நீட்டியும் வைத்தார். எவ்வளவு நல்ல மனிதர், நம்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு உள்ளம் உருகிவிட்டது. இவர் பானைமேல் மட்டும் விழவே கூடாது என்று நினைத்துக்கொண்டு பெடலில் ஏறினேன்.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் சக்கரம் ஒரு பானையின் விளிம்பை உரசிற்று.  பானைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்தார். என் கால் நிலைத்து நின்றது. மூன்றாவது சுற்றை முடித்து, மாஸ்டர் நீட்டிய கையைப் பிடித்து நான் இறங்கிய பிறகுதான் கைதட்டினார்கள். மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னிடம் வந்து, "உங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். மாஸ்டர் பின்னாலிருந்து, "நாளைக்கும் ஆட்டமிருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். மாமா சிரிக்காமல் போனார்.

கூட்டம் கலைந்தது. முட்டைக்கார அம்மா ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். பானைக்காரர் மட்டும் பாக்கி. பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உதவி செய்யலாம் என்று நானும் ஒன்றை எடுத்துத் தட்டினேன். கணீரென்று வரவில்லை, டொக்கென்றது. இன்னொன்றும் அப்படித்தான். அடியில் நீளமாக ஒரு விரிசல். சந்தையில் வாரக்கணக்காக விற்காமல் கிடந்த பானைகள் எல்லாவற்றையும் அவர் என் காலடியில் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். அது முன்பே தெரிந்திருந்தால் நான் முதல் சுற்றிலேயே விழுந்திருப்பேன்.

அவர் கோபப்படவில்லை. கடைசிப் பானையையும் ஏற்றிவிட்டு, மாட்டைத் தட்டி, வண்டி நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் கொண்டாறேனுங்க. நாளைக்காச்சும் கொஞ்சம் பார்த்து விழுங்க, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழுந்தால் மாஸ்டருக்கு ஆகாது, விழாவிட்டால் பானைக்காரருக்கு ஆகாது என்கிற ஒரு உத்தியோகத்தில், அன்று சாயங்காலம் நான் நிரந்தரமானேன்.