முன்னால் பார்க்கும் கீரி

சட்டையின் இடது கையில் கீரியைக் குத்தாமல் இன்னாசிமுத்து பால் பாக்கெட் வாங்கக்கூட இறங்கமாட்டார். மஞ்சள் துணியில் பழுப்புக் கீரி; அவர் இருபத்திரண்டு வருஷம் இருந்த காலாட்படை டிவிஷனின் சின்னம். அதன் மூக்கு எப்போதும் முன்னால் பார்க்கவேண்டும். "எங்க கீரி பாம்பைத்தான் பாக்கும், பின்னால வீட்டைப் பாக்காது" என்பார், தாராவி முழுக்கக் கேட்கும்படி.

துப்பாக்கி பிடித்த கதை எதுவும் அவரிடம் கிடையாது. ஆபீசர் மெஸ்ஸில் சமையல். ஆகவே டிவிஷனின் வரலாற்றைத் தளபதிகளின் வயிற்றை வைத்துத்தான் சொல்வார். "ஏழாவது ஜெனரல் ரசத்தை டம்ளர்ல குடிப்பாரு. ஒம்பதாவது ஆளு, ஜவான் தின்னாம தட்டைத் தொடமாட்டாரு. அவருதாம்வே ஜெனரல்!"

அந்த ஒன்பதாவது ஜெனரல், எண்பது வயதில், செம்பூரில் நடக்கும் டிவிஷன் பிறந்தநாளுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பழைய சிப்பாய்கள் நாற்பது பேருக்கும் புதுக் கீரி தன் பொறுப்பு என்று இன்னாசிமுத்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தன் சட்டைக் கீரியை ஒரு செல்ஃபி எடுத்து, பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் கரீம் பாட்சாவுக்கு அனுப்பினார். செல்ஃபியில் இடம் வலமாகிவிடும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

விழாவன்று காலை பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையில் வைத்துப் பார்த்தால், கீரி முதுகுப் பக்கம் பார்த்தது. நாற்பதும் அப்படியே.

"என்னவே பாட்சா, பின்னங்கால் பிடரியில பட ஓடுதே!"

"நீங்க அனுப்புன போட்டோதானே அண்ணாச்சி. நான் ஒரு நூலுகூட மாத்தலை."

"அந்த மனுசன் முன்னால எந்த மூஞ்சியோட நிப்பேன்?" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. மனைவி ரோஸி ஒன்றை எடுத்து அவருடைய சட்டையின் வலது கையில் வைத்தாள். கீரி முன்னால் பார்த்தது.

"ஏட்டி, டிவிசன் பொறந்து அறுவது வருசமா இடது கைதான்!"

"அப்போ ஓடுற கீரியவே குத்திக்கிட்டுப் போங்க."

செம்பூர் மண்டபத்தில் எல்லாருக்கும் வலது கையில் கீரி. தட்டோடு வந்த ஜெனரல், இன்னாசிமுத்து பரிமாறிக்கொண்டிருந்த மட்டன் குழம்பு அண்டாவருகே நின்று, கீரி ஏன் கை மாறியது என்று ஹிந்தியில் கேட்டார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் இன்னாசிமுத்துவின் வாயில் வரவில்லை. அவரும் ஹிந்தியிலேயே சொன்னார்: "நான்தான் போட்டோவைத் தப்பாக எடுத்துவிட்டேன், சாப். இடது கையில் அது ஓடுகிறது. உங்கள் முன்னால் ஓடுகிற கீரியோடு நிற்க மனசு வரவில்லை."

ஜெனரல் காலித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, வலது கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற ரோஸி, வராத ஒருவருக்கான கீரியை எடுத்து அவர் சட்டைக் கையில் குத்திவிட்டாள்.

இன்னாசிமுத்து விறைத்து நின்று சல்யூட் அடித்தார், கையிலிருந்த கரண்டியோடு.