ஜான்சனின் கைராசி

எந்தப் பழைய கார் வந்து நின்றாலும் ஜான்சன் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகிக் கழற்றி, டேங்கின் வாயில் மூக்கை வைத்து முகர்கிறார். அளவு காட்டும் முள்ளை அவர் நம்புவதில்லை. "முள்ளு பொய் சொல்லும், ஓனரு அதவிட ஜாஸ்தி சொல்வாரு." பிறகு ஒரு பெருமூச்சு. வேலை தொடங்குமுன்பே களைத்துப்போகிற மனிதர்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் அவருடைய ஷெட். சோறு போடுவது பழைய அம்பாசடரும் ஃபியட்டும். வீட்டுக்குப் போவது பேட்டரி ஸ்கூட்டரில். "நாளெல்லாம் இன்ஜின் சத்தம் கேக்குறவனுக்கு ஊட்டுக்குப் போறப்பவாவது நிம்மதி வாணாமா?"

அந்த நிம்மதியை இந்த வருஷம் பெரும்பாலும் கெடுத்தது நிசார் அஹமதுவின் நீல ஃபியட். பாய், ஒரு தோல் கம்பெனியில் தரம் பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் தோலை ஒதுக்கிவிடுவார். அவருடைய கார் கொஞ்ச தூரம் சமர்த்தாக ஓடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. திணறி, நடுரோட்டில் நின்றுவிடும். ஜான்சன் போவார், முகர்வார், ஏதாவது ஒன்றை மாற்றுவார். வண்டி கிளம்பிவிடும். பிளக் மாற்றினார், கார்பரேட்டரைக் கழுவினார், பம்பே புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் வியாதி குணமாகி, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. "ஜான்சன் கை பட்டாலே போதும்" என்று பாய் ஊரெல்லாம் புகழ்ந்தார். மெக்கானிக்குக்கு வரக்கூடாத புகழ் அது. ராசி என்று ஒன்று வேலை செய்தால், காரணம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

கடைசியில் பாயின் மனைவி நசீமுன்னிசா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இன்னொரு தபா ரோட்டில் நின்றால், குடியாத்தத்தில் விலைக்குக் கேட்டவருக்கே வண்டி. ஜான்சன் அதற்கு அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை வேலூர் வரை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. இன்ஜினை அணைக்காமலே பாய் ஷெட் வாசலில் ஹாரன் அடித்தார். ஜான்சனுக்கு முழங்கால் வலி. பின்னால் போய் மூடியைத் திறந்து முகராமல், நேராக முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மாதனூர் அருகே வண்டி திணறி நின்றது.

பின்னால் வந்த கம்பெனி பஸ் ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னா தாத்தா, ரெண்டு பேரும் காத்து வாங்குறீங்களா?" சிரித்துக்கொண்டே நாலு பேர் இறங்கி, வண்டியைப் பக்கத்துக் கிராமச் சாலைக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள்.

பாய் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "ஹாங் பேகம், நின்னுடுச்சு. அந்தக் குடியாத்தம் ஆளை வரச் சொல்லிடு." மறு கை ஃபியட்டின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஜான்சனின் கை பழக்கத்தில் மூடியைத் திருகியது. உஸ்ஸென்று டேங்க் நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. நெடுஞ்சாலை இரைச்சலில் இதுவரை காதில் விழாத சத்தம். மூடியைத் திருப்பிப் பார்த்தார். உட்புறம் முழுக்க அச்சாக வெட்டி ஒட்டிய தோல் வட்டம்.

பேசாமல் மூடிவிடலாம். வண்டி குடியாத்தம் போய்விடும். பேஜார் விட்டது, கைராசியும் தங்கும். அவர் மைல்கல்லின்மேல் உட்கார்ந்து சற்று நேரம் முழங்காலைத் தேய்த்தார்.

"அந்த ஆளு வாணாம்னு சொல்லிட்டு போனை வைங்க பாய். இது யாரு வெச்சது?"

"நான்தான். வேலூர் லாங் பஜார்ல வாங்குன மூடி, லூசா இருந்துச்சு. இப்ப பாரு, காத்துகூடப் போகாது!"

"அதான் பாய் கேடு. பெட்ரோலு எறங்க எறங்க உள்ள காத்து போகணும். அதுக்குன்னே மூடியில ஓட்டை இருக்கு, உங்க தோலு அடைச்சுக்குச்சு. பெட்ரோலு இன்ஜினுக்கு ஏறல. நான் வந்து வந்து மூடியத் தொறந்தேன், அது மூச்சு வாங்கிக்கிச்சு."

"அப்ப அந்தப் பம்பு?"

"பழைய பம்பு நல்லாதான் இருந்துச்சு."

 பாய் டேஷ்போர்டிலிருந்து தோல் தைக்கும் குத்தூசியை எடுத்து நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜான்சன் தோலில் ஒரு துளை போட்டார். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பாய், வேலையில் இருந்த காலத்தைப் போலவே முகம் சுளித்துவிட்டு, தாமே மூடியில் பொருத்தினார்.

வேலூர் போய்த் திரும்பும்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.  ஷெட் வாசலில் இறங்கிய ஜான்சனின் கால்கள் தாமாகப் பின்பக்கம் போயின. மூடிவரை நீண்டுவிட்ட வலது கையை இடது கையால் பிடித்திழுத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.