தரையை ஒட்டிப் போகும் கார்

அந்தக் காரை முதன்முதலாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த மாலை, அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எதையும் தொடவில்லை. பிறகு குனிந்து, காருக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார்.

"இன்னாமா இது? உக்கார்ற வண்டியா, படுக்கற வண்டியா?"

"ஸ்போர்ட்ஸ் கார் நைனா. இப்படித்தான் இருக்கும்."

"ரெண்டு சீட்டுதான் கீது?"

"வீட்டுல நாம ரெண்டு பேர்தானே?"

அவர் மாடிக்குப் போய்விட்டார்.

அப்பா சென்னையில் முப்பத்திரண்டு வருடம் மாநகரப் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. அம்மா போன பிறகு மயிலாப்பூர் ஃபிளாட்டில் நானும் அவரும் மட்டும்தான். எனக்கு ஆழ்வார்பேட்டையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் இன்ஜினியர் வேலை. அங்கே அடிக்கடி வரும் விளம்பரப் பட இயக்குநர் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது விற்ற கார் அது. பத்து வருடப் பழசு, கரும்பச்சை நிறம். பட்டனை அழுத்தினால் துணிக் கூரை மடிந்து பின்னால் போய்விடும். ஒருமுறை அவர் என்னை அதில் மகாபலிபுரம் சாலையில் கூட்டிப்போயிருந்தார். அந்த இன்ஜின் சத்தம் காதிலேயே இருந்தது. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு சத்தம் பிடித்துப்போனால் அவ்வளவுதான்.

"வாரக் கடைசியில மட்டும் எடுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். இதை வாங்குவதற்காக இருந்த சின்னக் காரைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றை நிறுத்த ஃபிளாட்டில் இடமும் கிடையாது. ஆக, வேலைக்கும் இதுதான், காய்கறிக்கும் இதுதான். குடிதண்ணீர் கேன் தீர்ந்துவிட்டால், பக்கத்து சீட்டில் கேனை உட்கார வைத்து பெல்ட் போட்டு எடுத்து வருவேன்.

முதல் மாதத்திலேயே மயிலாப்பூரிலிருந்து ஆழ்வார்பேட்டை வரை உள்ள ஸ்பீட் பிரேக்கர்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். நேராக ஏறினால் அடியில் கரகரவென்று உரசும். கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் ஆரம்பத்தில் ஹாரன் அடித்தார்கள். நாளாக ஆக, தெருக்காரர்கள் பழகிக்கொண்டு காத்திருந்தார்கள். வெயில் காலத்தில் கூரையைத் திறக்கவே முடியாது. மே மாதத்தில் மூன்று மணிக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை சுடும். ஒரு பழைய துண்டை அதன் மேல் போட்டு வைத்திருந்தேன். மதியத்தில் துணிக் கூரை மேல் பூனை படுத்துத் தூங்கும். அது படுத்த இடம் குழிந்தே போய்விட்டது.

அப்பா மட்டும் அதில் ஏறவில்லை. கோயிலுக்கோ டாக்டரிடமோ, எங்கே போவதென்றாலும் பஸ்ஸில்தான். கூப்பிட்டால், "வண்டி ஓட்றவன் ஒசரமா உக்காரணும். இத்தப் பாத்தா எனுக்கு சிரிப்பா வருது" என்பார். ஆனால் சிரிக்க மாட்டார். ஒருநாள் கோபம் வந்து, "நான் வாங்கினது உனக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லு" என்றேன். "புடிக்கலன்னு யார் சொன்னா?" என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். காரை நான் பெருமைக்கு வாங்கினேன் என்று நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. புதுக் கண்ணாடி வாங்க தி.நகர் போயிருந்தார். மதியத்திலிருந்து கொட்டுகிறது.

"பஸ் ஒன்னும் வர்லமா. ஆட்டோ எவனும் நிக்க மாட்டேன்றான். பார்க்காண்ட நின்னுகினு கீறேன்."

"அங்கேயே இரு. வரேன்."

"நீயா? அந்த வண்டியிலியா? வேணாம், வேணாம்" என்றார். நான் போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தேனாம்பேட்டை வழியாகப் போகும்போது தண்ணீர் அவ்வளவாக இல்லை. பனகல் பார்க் அருகே ஒரு துணிக்கடை வாசலில் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் ஏறினார். ஏறினார் என்று சொல்லக் கூடாது, இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் தலை, பிறகு உடம்பு, கடைசியாகக் கைகளால் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து லாரியின் சக்கரம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

வெங்கட்நாராயணா சாலையில் பாதி தூரம் போனதும் முன்னால் போன ஸ்கூட்டர்காரர்கள் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. பின்னால் வண்டிகள் அடைத்திருந்ததால் திரும்பவும் முடியாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அது அந்த வேகத்தில் எங்களைக் கடந்தால் எழும்பும் அலை எங்கள் பானட்டுக்கு மேல் வந்துவிடும்.

"நிறுத்து" என்றார் அப்பா. கதவைத் திறந்து இறங்கினார். திறந்த நொடியில் தண்ணீர் உள்ளே வந்தது. அவர் காருக்கு முன்னால் போய்த் தெரு நடுவில் நின்று, வருகிற பஸ்ஸைப் பார்த்து வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக இரண்டு முறை தட்டிக் காட்டினார். ஏதோ தரையில் இருக்கும் குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல.

பஸ்ஸின் இரைச்சல் உடனே இறங்கியது. முதல் கியரில், நடப்பதைவிட மெதுவாக எங்களைக் கடந்தது. அலை கதவின் பாதி வரை வந்து தளும்பித் திரும்பியது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அவரும் அப்படியே செய்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது.

அதன் பிறகு அப்பா ஏறவில்லை. எனக்கு முன்னால் நடந்தார். காலால் பள்ளம் தேடி, இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று கையைக் காட்டினார். ஆக்ஸிலேட்டரை விடாமல் முதல் கியரிலேயே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நந்தனம் வந்து மேட்டில் ஏறும்வரை அப்படித்தான். இன்ஜின் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. துணிக் கூரைமேல் மழை தடதடவென்று கேட்டது.

"அந்த டிரைவருக்கு நாம தெரிஞ்சோம்னா, நான் நின்னதாலதான்" என்றார். "மேல இருந்து பாத்தா இந்த வண்டி தெரியாதும்மா. கண்ணாடில வராது."

பிறகு சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அண்ணா சாலையில் ஒரு சிக்னலில் பஸ் நின்றிருந்தது. ஒரு ஸ்கூட்டர் முன்பக்க இடது மூலையில் ஒண்டி நின்றிருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை. பச்சை விழுந்ததும் எடுத்திருக்கிறார். சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. ஸ்கூட்டர்காரருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரணையில் இவர் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். இவர் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஸ்கூட்டராவது ஒசரம். நீ அதுக்கும் கீய உக்காந்துகினு டெய்லி பஸ் பக்கத்துல போற. நீ வூட்டுக்கு வர வரிக்கும் நான் பால்கனிலதான் நிப்பேன். உனுக்குத் தெரியாது."

"ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா வண்டிய வுட்ருவியா?"

கொஞ்சம் யோசித்தேன். "மாட்டேன்."

"அப்றம் இன்னாத்துக்கு சொல்றது?" என்று கதவைத் திறந்தார்.

காரின் தரை விரிப்பு ஒரு வாரம் நாறியது. ராயப்பேட்டை மெக்கானிக் பாய் சீட்டுகளைக் கழற்றி, விரிப்பை எடுத்து மாடியில் காயப்போட்டார். "மழ முடியற வரைக்கும் மூடி வெச்சுடுங்கம்மா" என்று பணிவாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு மறுநாளே வேலைக்கு எடுத்துப் போனேன். ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸின் இடப்பக்கம் ஒருபோதும் போய் ஒண்டவில்லை. டிரைவரின் முகம் கண்ணாடியில் எனக்குத் தெரிகிற தூரத்தில்தான் நிற்பேன்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு காலை கீழே இறங்கி வந்தால், காரின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர் பட்டை. லாரிக்கு ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் பளபளக்கும், அது. பம்பரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, கதவுகளில் இரண்டு, முன்னால் இரண்டு. அளவெடுத்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அப்பா ஒட்டியிருந்தார்.

எனக்கு அழுகை வருகிற அளவு கோபம் வந்தது. அந்தக் கரும்பச்சைக்காகத்தானே வாங்கினேன். நகத்தால் ஒரு முனையைக் கிளப்பிப் பார்த்தேன். பால்கனியில் அவர் காபி டம்ளரோடு நின்றிருந்தார். கிளப்பிய முனையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். ஸ்டுடியோவில் நாலு நாள் கிண்டல் செய்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா காரில் ஏற ஆரம்பித்தார். சனிக்கிழமைகளில் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போவோம். விடியற்காலையில் தெருவில் கோலம் போடுகிற பெண்களின் முகம் எங்கள் முகத்துக்கு நேராக வரும். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனால் சில பேர் சிரிப்பார்கள். அப்பா ஜன்னலை இறக்கி, "நல்லா கீதும்மா" என்பார்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பதற்காகக் காரில் போனபோது, "ஒருவாட்டி குடு, பாக்கலாம்" என்று கையை நீட்டினார். லைசென்ஸை விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறார். இடம் மாறி உட்கார்ந்தோம். கிளட்சை முதலில் பஸ்போல அழுத்திவிட்டு, கார் குதித்ததும் "த்தோ" என்று சிரித்தார். பிறகு பழகிவிட்டது. காலி சாலையில் இருபத்தைந்து, முப்பதில் போனார்.

வழியில் ஒரு பஸ் நிறுத்தம். பையோடு ஒரு அம்மா மட்டும் நின்றிருந்தார். கார் தானாகவே வேகம் குறைந்து, இடப்பக்கம் ஒதுங்கி, சரியாக அவர் முன்னால் நின்றது. அந்த அம்மா ஒரு அடி முன்னால் வந்து, குனிந்து எங்களைப் பார்த்து, பின்வாங்கினார்.

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "தப்பா நெனச்சிக்காதம்மா, பழக்கம்" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. "பஸ் இப்ப வரும், போங்க" என்றார் அந்த அம்மா.

அப்பா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, கடற்கரைப் பக்கம் வண்டியை எடுத்தார்.