தேதி போடாத காலை

1988, ஆவணி மாதம். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து எனக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த லாரி ஆபீஸ் அது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் என் அறைக்குள் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எங்கள் லாரிகளின் பெர்மிட் முடிகிற தேதிகளை அதில் ஏற்றி வைத்திருந்தேன். பெர்மிட் முடிந்துவிட்ட வண்டி எது, இன்றிலிருந்து பதினைந்து நாளுக்குள் முடியப்போகிற வண்டி எது என்று கேட்டால் பட்டியல் வரும். 'இன்று' என்ன தேதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு கட்டளை இருந்தது. மெஷினுக்குள் இருக்கும் தேதியை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் மெஷின் அணைந்தால் தேதியை மறந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் கேட்கும், நாம் அடிக்க வேண்டும்.

அன்று காலை கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை எரிச்சலில் தேதியை அடிக்காமல் என்டரை மட்டும் தட்டிவிட்டேன். அந்த நேரத்தில்தான் டிரைவர் அண்ணன் ஒருவர் வந்தார். நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பியிருந்தவர்.

"அம்மிணி, நம்ம வண்டிப் பெர்மிட்டு நேத்தோட முடிஞ்சிருக்குமோன்னு ஒரு நெனப்புங்க. செத்த பாருங்க. அடுத்த ஞாயித்துக்கெழம தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. நான் ஒருத்தன்தானுங்க மாமன். மாட்டிக்கக் கூடாது."

பட்டியல் காலியாக வந்தது. "எதுவும் இல்லீங்கண்ணா. ஆபீசுல புதுப்பிச்சிருப்பாங்க, தைரியமா போங்க" என்றேன். வண்டி தெருமுனையில்தான் நின்றது. பெர்மிட் காகிதத்தை எடுத்து வரச் சொல்லி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும்.

"கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டா சரிதானுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் மாநில எல்லையில் வண்டியை மடக்கிவிட்டதாக டிரங்க் கால் வந்தது. ஓடிப்போய் மெஷினைப் பார்த்தேன். முந்தைய நாள் நான் ஏற்றிய கணக்குகளில் எல்லாம் தேதி 1980 ஜனவரி ஒன்று என்று இருந்தது. தேதி கொடுக்காவிட்டால் மெஷின் அந்த நாளிலிருந்துதான் தொடங்கும். அதன் கணக்கில் எல்லாப் பெர்மிட்டுக்கும் இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

முட்டையை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். அவராலோ வண்டியை விட்டு நகர முடியவில்லை. புதுப்பித்த காகிதம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. காதுகுத்தில் குழந்தையைத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டாராம்.

திரும்பி வந்தவரை முதலாளி என் அறை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "பேப்பரை யாருகிட்டயாச்சும் காட்டிப் படிக்கச் சொல்றதுக்கென்ன?" அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம். பொம்பளைப் பிள்ளையிடம் மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்பார்களோ என்ற பயம் அதைவிட அதிகம்.

"தப்பு என்மேலதானுங்க. நான் பார்த்திருக்கோணும்" என்றார் அவர்.

அடுத்த மாதமே வேறு ஆபீசுக்குப் போய்விட்டார். பிறகுதான் எனக்குத் தைரியம் வந்து முதலாளியிடம் சொன்னேன். "முடிஞ்சு போனதை உடும்மா" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

மறு வருஷம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். தோளில் அந்தத் தங்கச்சி குழந்தை, காதில் சின்னத் தோடு. "சாமி, இந்த அக்கா கம்ப்யூட்டர் படிச்சவங்க, கும்புடு போடு" என்றார். குழந்தை கை கூப்பியது. என் பஸ் கிளம்பும் வரை அவர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். 'அன்னைக்குத் தப்பு என்னுதுங்கண்ணா' என்று சொல்ல அத்தனை நேரம் இருந்தது.

அதன்பின் அவரை நான் பார்க்கவேயில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை இத்தனை வருஷம் கழித்தும் என் நெஞ்சில்தான் கிடக்கிறது.