நாரை விரித்த குடை

படாளத்தை அடுத்த எங்கள் ஊரில், மாசி மகத்தன்று பெருமாள் தீர்த்தவாரிக்காக ஏரிக்கு எழுந்தருள்வார். பாசுரம் ஓதி முன்செல்வது என் கைங்கரியம். சென்ற ஆண்டு, கரையோரத்து வாகைமரத்தின் இலையுதிர்ந்த கிளையொன்று பெருமாளின் குடையை மறித்தது. வெட்டுவதற்காக ஏணியில் ஏறிய ஏழுமலை, அரிவாளை ஓங்காமல் நின்றுவிட்டார்.

“சாமி, நாரைக் கூடு கீது. உள்ள குஞ்சுங்க கீது. வெட்டவா, வாணாவா?”

“சட்டுனு சொல்லுங்க சாமி,” என்றார் பல்லக்கைச் சுமந்தவர்களில் ஒருவர். “பெருமாளு பொங்கலு நல்லா சாப்ட்டுகீறாரு. தோளு போவுது.”

குடையின்றிப் பெருமாள் உச்சிவெயிலில் செல்வதா? மனம் ஒப்பவில்லை. ஆயினும், நாரையைத் தூது விடும் பாசுரங்களை வாழ்நாளெல்லாம் ஓதிய நான், நாரையின் கூட்டை ஒருமுறையும் கண்டதில்லை. பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எதிர்வீட்டு மாடிக்கு ஏறினேன்.

தாய்நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரு சிறகுகளையும் தாழ விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கியிருந்தன. கீழே இத்தனை மேளம் முழங்கியும் அது பறக்கவில்லை. பறந்தால் குஞ்சுகள்மேல் வெயில் விழும்.

“குடையை மடக்குங்கோ,” என்றேன்.

“பெருமாளுக்குச் சுடுமே சாமி?” என்றார் ஏழுமலை.

“கொஞ்ச தூரந்தானே, பொறுத்துப்பார்.”

பெருமாள் வெயிலிலேயே அம்மரத்தைக் கடந்தார். ஆதிசேடன் அவருக்குக் குடையாகும் பாசுரத்தை இன்றும் ஓதுகிறேன். ஓதும்போது பாம்பின் படம் கண்முன் வருவதில்லை. சாம்பல் படிந்த இரண்டு வெண்சிறகுகளே மெல்லத் தாழ்ந்து விரிகின்றன.