நடுநிலை ரசிகனின் மகள்

எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர். பதினைந்து பேருமே ஆண்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒருவரும் கபடி ஆடியதில்லை. நாமக்கல்லில் என் கடைக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் தினமும் மாலை கூடி, யாரை எடுக்க வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்வோம். ஆடுகிற பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர்கள் பயிற்சியில் இருப்பார்கள், தொந்தரவு செய்யக்கூடாது.

நான் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். இடது முட்டியில் தேய்மானம். வீட்டு மாடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பேன். ஆனால் எதிரணிக்குள் பாடிப் போன ரெய்டர் அரை நொடி தாமதமாகத் திரும்பினால் எனக்கு வரும் கோபம் சொல்லி மாளாது.

அணி இரண்டு. சீனியர் அணியில் உறைவிடப் பள்ளியொன்றின் உடற்பயிற்சி ஆசிரியை கேப்டன். அவரோடு ஒரு பெண் காவலர், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆட வருகிற இரண்டு பேர், இன்னும் சிலர். ஜூனியர் அணி முழுக்கப் பிளஸ் டூ பெண்கள். சீனியர்கள் மூன்று வருடமாகக் காலிறுதியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஜூனியர்கள் போகிற ஊரிலெல்லாம் கோப்பை வாங்கி வந்தார்கள். எனவே பேக்கரியில் ஒரே கேள்வி: சின்னப் பெண்களை இப்போதே சீனியர் அணிக்குள் கொண்டுவருவதா, பொறுப்பதா?

இப்போதே என்ற கட்சிக்குத் தலைவர் ரிக் வண்டிக்காரர். ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். அணிக்கு வேனும் டீசலும் அவருடையது என்பதால் அவர் குரல் கொஞ்சம் பெரிது.

"ஏனுங்க, இந்தக் கெழங்கட்டைகள வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருசமுங்க ஓட்டறது? புள்ளைகள எறக்கி உடுங்க."

அவர் கெழங்கட்டை என்றது முப்பத்தொரு வயது கேப்டனை. சொன்னவருக்கு ஐம்பத்தெட்டு. டாக்டர் நிறுத்தச் சொன்ன தேங்காய் பன் கையில் இருந்தது.

பொறுப்போம் கட்சிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர். நிதானமாகப் பேசுவார். "ஜூனியர்ல ஜெயிக்கறது வேறங்க. பெரிய ஆளுக புடிச்சா எலும்பு மிஞ்சாது. அனுபவம்னு ஒண்ணு வேணுமில்லீங்களா?" அவருடைய அனுபவம் முப்பது வருடம் கடிதம் கொடுத்தது.

இதில் நான் தபால்காரர் கட்சி. காரணம் எளிது. ஜூனியர் அணியின் முதல் ரெய்டர் என் மகள்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் தன்னுடையதைத் தானே உயர்த்திச் சொல்வது கேவலம். நாலு பெரிய ஷெட் நிறையக் கோழி வைத்திருப்பவரிடம் கேட்டால், "ஏதோ ரெண்டு கோழி கெடக்குதுங்க" என்பார். பத்து லாரி ஓட்டுகிறவர், "வண்டி ஒண்ணு ரெண்டு ஓடுதுங்க" என்பார். கேட்பவர்கள் மனசுக்குள் பெருக்கிக்கொள்வார்கள். யார் சொன்னதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கைப்பழக்கம். பந்தியில் போதும் என்று இலைமேல் கையை வைத்தால் இன்னொரு கரண்டி வேண்டும் என்று பொருள். கையைத் தள்ளிவிட்டு ஊற்றுகிறவர்தான் பரிமாறத் தெரிந்தவர்.

பெற்ற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கண்பட்டுவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதுவும் பெண் பிள்ளையை, நாலு ஆண்கள் டீ குடிக்கிற இடத்தில், நன்றாக ஆடுகிறாள் என்று அப்பனே சொல்வதா? எனவே ரிக் வண்டிக்காரர் என் மகளைப் புகழும்போதெல்லாம் நான், "அட, அதெல்லாம் சுமாருங்க. இன்னும் பயம் போகல" என்பேன். சொல்லும்போது உள்ளுக்குள் இனிக்கும். அவர் விடமாட்டார், இன்னும் ஒரு படி ஏற்றிப் புகழ்வார். நான் இன்னும் ஒரு படி இறக்குவேன். வீட்டுக்குப் போகும்போது வயிறு நிறைந்திருக்கும்.

இதனால் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. சொந்த மகளையே விட்டுக்கொடுத்துப் பேசுகிற நடுநிலையாளன். வாட்ஸப் குழுவில் சண்டை முற்றினால் என் கருத்தைக் கேட்பார்கள். கல்யாண வீட்டில்கூட ஒருவர் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சேலம் பக்கம் ஒரு பெரிய போட்டி அறிவித்தார்கள். சீனியர் அணிகளுக்கு மட்டும். மகள் இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். சேலத்தில் அவள் சேர ஆசைப்பட்ட பெண்கள் கல்லூரியிலிருந்து உடற்கல்வித் துறை மேடம் அந்தப் போட்டியைப் பார்க்க வருகிறாராம். அங்கே ஆடுவதை வைத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் கபடிக்கு ஒரே ஒரு இடம் கொடுக்கப் போகிறார்களாம். அவளுடைய மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரி வேறு வழியில் கிடைக்காது.

"சீனியர் டீம்ல என்னய எடுத்தாப் போதும்ப்பா. மேடம் கண்ணுல பட்டாப் போதும். மத்தத நான் பாத்துக்குவேன்."

மத்ததை அவள் பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அவள் கோட்டைத் தாண்டிப் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே நெஞ்சு அடைக்கும். ஆனால் அவளிடம் என்ன சொன்னேன்? "பாக்கலாம், சாப்புடு" என்றேன்.

அணியை முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை காலை கேப்டன் பேக்கரிக்கே வந்தார். பதினோரு பேர் எழுதியாகிவிட்டது. ஓர் இடம் பாக்கி. ரிக் வண்டிக்காரர் எழுந்து நின்றார். "எங்க சாமியத்தான் எடுக்கோணும். ஆரம்பத்துலயே எறக்கோணும். மொத ரெய்டே அதுதான் போகோணும்" என்று என் மகளைச் சொல்லி மேசையைத் தட்டினார். டீ சிந்தியது. தபால்காரர்கூட மறுக்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னாண்ணா சொல்றீங்க? மொத ஏழு பேர்ல எறக்கலாமா?"

இங்கேதான் என் மடத்தனம். இலைமேல் கையை வைத்தேன். "அதெல்லாம் எதுக்குங்க. இன்னும் பயம் போகலீங்க. ரெண்டு வருசம் போகட்டும்" என்றேன். சொல்லிவிட்டு, அட நீங்க சும்மா இருங்க என்று யாராவது கையைத் தள்ளிவிடக் காத்திருந்தேன்.

கேப்டன் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வேலைக்காக இங்கே வந்தவர். அவர்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். "சரிண்ணா. பெத்தவரே சொல்றப்ப நான் என்னா சொல்றது?" என்று நோட்டில் எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். மகளின் பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது, பக்கத்தில் ரிசர்வ் என்று போட்டிருந்தது.

நான் ரிக் வண்டிக்காரரைப் பார்த்தேன். எத்தனை வருடமாக என் பேச்சைப் பெருக்கிக் கேட்டவர். அவரும் உட்கார்ந்துவிட்டார். "அப்பனே சொல்லீட்டாரு. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?" தபால்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த பேக்கரியில் நான் ஒரு விவாதத்தில் முழுதாக ஜெயித்தது அன்றுதான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க பெருந்தன்மைக்கு எம் புள்ளதான் கெடச்சாளா?" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகளுக்கு ரிசர்வ் என்று மட்டும் தெரியும், காரணம் தெரியாது. ரிசர்வும் டீம்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமையே மானத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். என் மகள் நன்றாக ஆடுவாள், நான் சொன்னது தப்பு, அவளை முதலிலேயே இறக்குங்கள் என்று. ஒன்றேகால் நிமிடம். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தற்பெருமை அதுதான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. பிறகு தபால்காரர் தனியாகப் பேசினார்.

"நேத்து ரசிகனாப் பேசுனீங்க. இன்னைக்கு அப்பனாப் பேசறீங்க. பாசம் எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்க. நேத்து சொன்னதுதான் நாயம்."

கேப்டனிடம் நேரில் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு, "கவலைப்படாதீங்கண்ணா, நேரம் பாத்து எறக்குறேன்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன்.

போட்டியன்று ரிக் வண்டிக்காரரின் வேனில் அணியும் ஆறேழு ரசிகர்களும் போனார்கள். நானும் மகளும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனோம். மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டோடு கல்லூரி மேடம் உட்கார்ந்திருந்தார். மகள் ரிசர்வ் பெஞ்சில், ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

வழக்கம்போலக் காலிறுதி. வழக்கம்போலப் பின்தங்கினோம். எங்கள் ரசிகர்கள் வழக்கம்போல இரண்டு கட்சியாகப் பிரிந்து, எதிரணியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கேப்டனுக்குக் கணுக்கால் பிசகியது. நொண்டியபடியே வெளியே வந்து என் மகளைக் கூப்பிட்டார். தோளில் கைவைத்து எதையோ சொன்னார். மேடம் நோட்டில் பக்கம் புரட்டினார். நான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் ரெய்டு. தொட்டே ஆகவேண்டிய கோட்டைத் தொட்டாள், திரும்பிவிட்டாள். கால் நீளவே இல்லை. இரண்டாவதும் அப்படியே, கோட்டை ஒட்டி நடந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அது என் மகளே இல்லை. மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்பது விதி. போய்த்தான் ஆகவேண்டும். போனாள். நடுவில் ஒரு நொடி நின்றாள். அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. நாலு பேர் சேர்ந்து மடக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிவதற்குள் மேடம் எழுந்து அடுத்த மைதானத்துக்குப் போய்விட்டார்.

வேன் பக்கத்தில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ரிக் வண்டிக்காரர் தலையை ஆட்டினார். "நாங்கூட உங்கள நம்பலீங்க. கரெக்டாச் சொன்னீங்க, பயம் போகலைன்னு." தபால்காரர் என் முதுகைத் தட்டினார். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது பலித்திருந்தது.

ஊருக்குத் திரும்புகிற வழியில் மல்லூரைத் தாண்டினோம். ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்.

"அப்பா, எனக்குப் பயம் போகலைன்னு நீங்க சொன்னீங்களாமா?"

"ஆரு சொன்னா?"

"கேப்டன் அக்கா. எறக்கி உடறப்ப, பயப்படாம ஆடு, உனக்குப் பயம் இருக்குதுன்னு அப்பாவே சொன்னாருன்னாங்க." நான் வேகத்தைக் குறைத்தேன். "எனக்கு அப்படி இருக்கறதே எனக்குத் தெரியாதுப்பா. உள்ள போனதும் அதேதான் ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னேன். "சாமி, உன்ன மாதிரி ஆடறவ இந்த ஜில்லாவுலயே இல்ல. பயமெல்லாம் எனக்குத்தான். நாலு பேருகிட்ட நல்ல பேரு எடுக்க, உன்னயக் கொறச்சுச் சொன்னேன். நான் சொன்னது பொய்யி."

மகள் என்னைப் பார்த்தாள். ஆறுதல் சொல்கிறவர்களைப் பார்க்கிற பார்வை அது. பிறகு துப்பட்டாவை இழுத்துத் தலையில் சுற்றிக்கொண்டாள்.

"சும்மா சொல்லாதீங்கப்பா. வண்டிய எடுங்க, அம்மா காத்துட்டு இருக்கும்."